நித்தியச் செலவு

இணையத்தளத் திறப்புவிழா என்றொரு சடங்கு நம்மிடையே உருவாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மண்டபம் எடுப்பார்கள். மங்கல விளக்கேற்றுவார்கள். பிரதம விருந்தினரை மேடைக்கு அழைத்து மடிக்கணினியின் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். திரையில் முகப்புப் பக்கம் விரியும், கைதட்டல் எழும். பிறகு வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை, வடை, தேநீர். அந்தத் தளத்தை அடுத்த வருடம் யார் பார்த்துக்கொள்வார், மாதம் எவ்வளவு செலவாகும், பார்த்துக்கொள்பவர் வேலை மாறினாலோ நாடு மாறினாலோ இறந்துபோனாலோ சாவி யார் கையில் இருக்கும் என்று நன்றியுரையில்கூட ஒருவரும் சொல்வதில்லை. நாலைந்து வருடம் கழித்து அதே முகவரியைத் தட்டிப் பாருங்கள். சில வேளை வெள்ளைப் பக்கம் வரும். சில வேளை 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று வரும். சில வேளை ஏதோ ஒரு மொழியில் சூதாட்ட விளம்பரம் வரும்.

புலம்பெயர்ந்த நாம் எழுத்தையும் நினைவையும் கணினியில் ஏற்றக் காட்டும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவற்றை அங்கே வைத்திருக்கக் காட்டுவதில்லை. பணம் இல்லாமல் அல்ல. மண்டப வாடகைக்கும் பதாகைக்கும் பொன்னாடைக்கும் கிடைக்கிற பணம் பராமரிப்பு என்றவுடன் காணாமல் போய்விடுகிறது. இதைச் சிறு குறை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பராமரிக்க வழிசெய்யாமல் ஒரு காப்பகத்தைத் திறப்பது திறக்காமல் விடுவதைவிட மோசமான செயல். ஏனென்றால், திறந்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒருவர் தன் வீட்டில் இருந்த ஒரே பிரதியைக் கொடுத்துவிடுகிறார். இன்னொருவர், அதுதான் ஏற்றிவிட்டார்களே என்று பழைய பெட்டியைக் கழிவுக்குப் போடுகிறார். மூன்றாமவர் அதே வேலையைத் தொடங்காமல் விடுகிறார். தளம் விழும்போது இந்த மூன்றும் அதனோடு சேர்ந்து போகின்றன.

நான் வாழும் கெல்சென்கிர்ச்சன் இதைப் பற்றி யோசிக்கப் பொருத்தமான ஊர். வெளியூர்த் தமிழருக்கு இது ஷால்க்க உதைபந்தாட்டக் கழகத்தின் ஊர். ஜேர்மன்காரருக்கு ஒரு காலத்தில் இது 'ஆயிரம் நெருப்புகளின் நகரம்'. நிலக்கரியும் உருக்கும் வளர்த்த ஊர். இங்கே ஹூகோ சுரங்கம் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது, வெஸ்ரர்ஹோல்ற் 2008இல். ரூர் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கம் அயலூரான பொற்றொப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசிக் கரித்துண்டை மேலே கொண்டுவந்து ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. கீழே தோண்டி எடுத்ததால் மேலே நிலம் தாழ்ந்துவிட்டது. ரூரில் சில இடங்களில் 20 மீற்றருக்கும் மேல். மழைநீரும் கழிவுநீரும் இயல்பாக ஆற்றுக்கு ஓடமுடியாது, அதனால் பம்பிகள் அதை மேலேற்றிக் கொடுக்கின்றன. எம்ஷர் ஆற்றுப் பிரதேசத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலம் இப்படிப் பம்பியை நம்பித்தான் காய்ந்திருக்கிறது. மூடிய சுரங்கங்களுக்குள் ஊறும் நீரையும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டால் அது ஏறி நிலத்தடிக் குடிநீரில் கலக்கும். பம்பிகளை நிறுத்தினால் நாம் வாடகைக்கு இருக்கும் வீதிகளில் பல மெல்ல மெல்லக் குளமாகும். இதற்கு ஜேர்மன் மொழியில் ஏவிக்கைற்ஸ்கோஸ்ரன் என்று பெயர். நித்தியச் செலவு. இதற்கென்றே 2007இல் ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளையை அமைத்தார்கள். 2019 முதல் அது வருடாவருடம் இருபது கோடி யூரோவுக்கு மேல் இந்தக் கடமைகளுக்குச் செலவழிக்கிறது.

நிலக்கரிக் கம்பனிகளைப் புகழ எனக்கு ஆசையில்லை. நூறு வருடத்துக்கு மேல் இலாபம் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு இந்த ஞானம் வந்தது. ஆனாலும் மூடும் நேரத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து யார் இறைப்பது, எந்தப் பணத்தில் இறைப்பது, எதுவரை இறைப்பது என்று கேட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு 'எப்போதும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். நம் அமைப்புகளில் எத்தனை இதைச் செய்திருக்கின்றன?

என் தொழில் தகவல் தொழில்நுட்ப ஆலோசனை. கணினி அமைப்பு ஒன்றுக்கு ஆயுள் உண்டு என்பதை விளக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். திட்டமிடுவது, கட்டுவது, ஓட்டுவது, மாற்றிக்கொண்டே இருப்பது, கடைசியில் உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுத்துவிட்டு மூடுவது. இவற்றுள் எல்லோருக்கும் பிடித்தது இரண்டாவது. பணத்தின் பெரும்பகுதியைத் தின்பது மூன்றாவதும் நான்காவதும். ஐந்தாவதைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார்கள், திருமண வீட்டில் இழவு பேசியதுபோல. ஜேர்மனியில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்துக்குப் போன கணினியியலாளர் மெயர் லேமன் 1974இல் இதை ஒரு விதியாகவே வகுத்தார். உலகத்தோடு புழங்கும் மென்பொருள் தொடர்ந்து மாற்றப்படாவிட்டால் நாளுக்கு நாள் பயன் குறையும் என்பது அதன் சாரம். மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடுகிறது.

ஒரு சாதாரணத் தமிழ்த் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொமைன் பெயரை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் தொண்ணூறு நாளில் காலாவதியாகும். அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று ஒரு கண் இருக்கவேண்டும். தளம் ஓடும் நிரல்மொழியின் ஒவ்வொரு பதிப்பும் சில வருடங்களில் ஆதரவிழக்கும். உலகெங்கும் எத்தனையோ காப்பகங்களைத் தாங்கிய ட்ரூபல் 7 என்ற மென்பொருளுக்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் திகதி முடிந்தது. அதன் மேல் கட்டிய ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து மாற்றவேண்டும், அல்லது திருடருக்குத் திறந்துவைக்கவேண்டும். இதில் டொமைனுக்கான செலவு வருடத்துக்கு ஒரு கொத்துரொட்டியின் விலைக்குக் கிட்டத்தான் வரும். விலை கூடியது அந்த ஒருவரின் மாலை நேரங்கள்.

அந்த ஒருவரை நாம் நடத்தும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசி வரும். "தம்பி, எங்கட தளம் வேலைசெய்யுதில்லை, ஒருக்கால் பாத்துத் தாங்கோ." கடவுச்சொல் யாரிடம் என்று கேட்பேன். "அது முந்திச் செய்த பெடியனிட்ட. அவர் இப்ப லண்டன்ல. ஆளோட எங்களுக்குக் கதை பேச்சில்லை." காப்புப்பிரதி? "அதெல்லாம் அவர்தான்." இப்படி ஒன்றல்ல, பல அழைப்புகள். பத்து வருட நிகழ்வுப் படங்கள், நினைவு மலர்கள், மூத்தவர்களின் குரல்பதிவுகள் எல்லாம் கோபித்துக்கொண்டு போன ஒருவரின் மின்னஞ்சல் கணக்குக்குள் கிடக்கின்றன. அந்தப் பெடியனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் இலவசமாக உழைத்தார்; விழா மேடையில் அவர் பெயரைச் சொல்ல மறந்தார்கள்; தளம் ஒருநாள் படுத்தபோது மட்டும் அவர் பெயர் எல்லோருக்கும் நினைவு வந்தது.

வெள்ளைக்காரரும் இதில் ஒழுங்கில்லை என்பீர்கள். உண்மைதான். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடியும் என்பது பல வருடங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும், ஜேர்மன் மத்திய அரசின் 33,000 கணினிகள் அப்போதும் அதிலேயே ஓடின. நீடித்த ஆதரவுக்கு ஏறத்தாழ எட்டு இலட்சம் யூரோ செலுத்தவேண்டி வந்தது. 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்தைத் தாக்கியவர்கள் அதன் சேவைகளை மாதக்கணக்கில் முடக்கினார்கள். நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், மாற்றாமல் விட்ட பழைய அமைப்புகளால்தான் பாதிப்பு பெருகி மீட்சி தாமதமானது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இந்த இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். தவறியவர்களிடம் அபராதம் கட்டப் பணம் இருந்தது, மீட்டெடுக்கச் சம்பள ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை. நாம் ஒருமுறை விட்டால் விட்டதுதான்.

நாம் ஏற்கெனவே விட்டவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். ஈழத்தவருக்குப் பாமினி எழுத்துருவை விளக்கத் தேவையில்லை. அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழ் அல்ல: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருக்கும்வரை திரையில் அம்மா தெரிவாள். எழுத்துரு இல்லாத கணினியில் ஐந்து அர்த்தமற்ற குறிகள்தான் தெரியும். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் நாம் பல வருடங்கள் பாமினியில் எழுதி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, இறுவட்டில் பதிந்து அலுமாரியில் வைத்தோம். இன்று அந்த இறுவட்டைப் படிக்க மடிக்கணினியில் வாசல் இல்லை. படித்தாலும் பேஜ்மேக்கர் என்றொரு மென்பொருள் இப்போது இல்லை. அதையும் தேடிப் பிடித்தால் பாமினி வேண்டும்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதி முகாம் அறைகளிலிருந்தும் சமையலறை வேலை முடிந்த பின்னிரவுகளிலிருந்தும் வந்த சிற்றிதழ்களை நினைத்துப் பாருங்கள். ஜேர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள், நெதர்லாந்தில் அஆஇ, பாரிஸில் ஓசை, அம்மா, எக்ஸில், உயிர்நிழல். கடதாசியில் வந்ததால் எவரோ ஒருவர் வீட்டு நிலவறையில் அவை தப்பின. தப்பியவற்றில் பலவற்றைப் பின்னால் எண்ணிமப்படுத்தவும் முடிந்தது. அதற்குப் பின், எல்லாம் நவீனமாகிவிட்டது என்று நாம் நம்பிய காலத்தில் எழுதியவைதான் காணாமல் போயின. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாகூ குழுமங்களில் உலகத் தமிழர் வருடக்கணக்காக விவாதித்தார்கள். யாகூ 2019இல் அந்தக் குழுமங்களின் சேமிப்பை அழிப்பதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. அதற்கு முன்பு 2009இல் ஜியோசிற்றீஸ் மூடியபோது எத்தனையோ தனிமனிதத் தமிழ்ப் பக்கங்கள் அதனுடன் போயின. வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் இடித்தார். நாம் சாமான்களைக்கூட எடுக்கவில்லை.

பராமரிப்பு தமிழருக்குப் புதிய கருத்து என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஓலைச்சுவடி நிரந்தரமானதல்ல. பூச்சியும் ஈரமும் தின்ன, அதைப் பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்ததால்தான் சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. பெயர்த்தெழுதும் வழக்கம் தளர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதினார்: தொட்டால் உதிரும் ஓலைகளோடு பட்ட பாட்டை அவர் சொன்னதுபோல் வேறு எவரும் சொல்லவில்லை. கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று நம் முன்னோர் வைத்தது பக்தியால் மட்டுமல்ல. மருந்து தளரும், சுண்ணாம்பு உதிரும், கோபுரத்தில் அரசு முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூர்த்தியைப் பாலஸ்தாபனம் செய்து, வேலை முடித்து, மறுபடி எழுந்தருளப்பண்ணுவது சேவையை நிறுத்தாமல் அமைப்பை மாற்றும் ஒழுங்குதான். என் தொழிலில் இதற்குத் தடித்த புத்தகங்கள் எழுதி விற்கிறார்கள். கருங்கல்லுக்குப் பன்னிரண்டு வருடம் கெடு வைத்த சமூகம், இணையத்தளத்துக்கு ஆயுள் முடிவே இல்லை என்று நம்புகிறது.

எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, "இப்போது எல்லாம் மேகத்தில் இருக்கிறது, அழியாது." மேகம் என்பது இன்னொருவரின் கணினி. அட்டைக் கட்டணம் தவறினால் எச்சரிக்கை மடல் வரும். அந்த மடல் லண்டன் போன பெடியனுக்குப் போகும். இரண்டு, "முகநூலில் எல்லாம் போட்டிருக்கிறோம்." முகநூலில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவைத் தேடி எடுத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம். மூன்று, "செயற்கை நுண்ணறிவு பழையதையெல்லாம் மீட்டுவிடும்." படிக்கக் கோப்பு இருந்தால் ஏதாவது செய்யும். இல்லாத கோப்பை மீட்டுத் தருகிறேன் என்று சொன்னால் அது மீட்பல்ல, கற்பனை. நான்கு, "இது தொண்டு, காசு பேசினால் அதன் புனிதம் கெடும்." ஐயருக்குத் தட்சணை கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம், மேளக்காரருக்குப் பேரம் பேசியாவது கொடுக்கிறோம். வழங்கியைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் தொண்டர். இந்தப் புனிதம் யாருக்கு வசதியானது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாவது வாதம் மட்டும் கனமானது. "அடுத்த தலைமுறைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாருக்காக இதையெல்லாம் வைத்திருப்பது?" இதற்கு என் பதில்: வாசிக்கப்போவது யார் என்று தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை. தாமோதரம்பிள்ளை தேடியலைந்த சுவடிகளைப் பெயர்த்தெழுதியவர்களுக்கும் அவரைத் தெரியாது.

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கோபமூட்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்கள் என்ற எண் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த நெருப்பையும் காலாவதியான ஒரு டொமைனையும் நான் ஒன்றாக்கவில்லை. அது அரசின் காவலர்கள் செய்த குற்றம். இது நம் அசட்டை. ஆனால் வருடாவருடம் மே முடிவில் அந்த நூலகத்துக்காகக் கண்ணீர் மல்க உரையாற்றும் அமைப்பின் சொந்த ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு. நூலகம் எரிந்த துயரம் உண்மையானால், அது நம்மை உலகிலேயே கவனமான காப்பாளர்களாக ஆக்கியிருக்கவேண்டும்.

அப்படி ஆனவர்கள் இல்லாமல் இல்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடக்கியது. பழைய எழுத்துருக்களிலும் பின் திஸ்கிக் குறியேற்றத்திலும் இருந்த நூல்களை ஒருங்குறிக்கு மாற்ற உலகெங்குமிருந்து ஆட்கள் உழைத்தார்கள். அதனால்தான் அவற்றை இன்றும் கைத்தொலைபேசியில் வாசிக்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இன்றும் தாங்கி நிற்கிறது. மேலே நான் பெயர் சொன்ன சிற்றிதழ்கள் பலவற்றை நீங்கள் அங்கேதான் வாசித்திருப்பீர்கள். இந்த இரண்டையும் நாம் இலவசக் குடிநீர்க் குழாய்போலப் பயன்படுத்துகிறோம். பிறகு அதே வேலையைச் சிறிதாக, மோசமாக, நம் ஊர்ச்சங்கத்தின் பெயரில் புதிதாகத் தொடங்குகிறோம், திறப்புவிழாவுக்கு நம் பெயர் வேண்டும் என்பதற்காக.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஐந்து வருடப் பராமரிப்புச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்காத எந்த எண்ணிமத் திட்டத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். சாவி குறைந்தது இரண்டு பேரிடம், முடிந்தால் இரண்டு நாடுகளில் இருக்கவேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் பேசுபவர்களாகவும் இருக்கவேண்டும். டொமைன் அமைப்பின் பெயரில் பதியப்படவேண்டும், தலைவரின் மருமகன் பெயரில் அல்ல. தளம் என்றாவது மூடப்படும் என்று முதல் நாளே எழுதி, அப்போது உள்ளடக்கம் எந்தக் காப்பகத்துக்குப் போகும் என்பதையும் எழுதி வையுங்கள். இதழ் நடத்துபவர்கள் ஒருங்குறியில் எழுதி, ஒவ்வொரு இதழின் பிரதியையும் வெளிவரும்போதே நூலகத்துக்கும் தாம் வாழும் நாட்டின் தேசிய நூலகத்துக்கும் அனுப்பவேண்டும். ஜேர்மனியில் அச்சுப் பிரதியைக் கொடுப்பது சட்டக் கடமையும்கூட. இதை மின்வடிவில் வாசிப்பவர்கள் இந்த இதழிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். புதுத் தளம் தொடங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை வங்கியில் மாதாந்த நிலைக்கட்டளையாக ஏற்கெனவே நிற்கும் காப்பகம் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து யூரோ போதும். ஒருமுறை தரும் ஐந்நூறைவிட மாதாமாதம் வரும் ஐந்துக்குத்தான் பராமரிப்பில் மதிப்பு அதிகம், ஏனென்றால் அதை நம்பி ஒருவருக்குச் சம்பளம் பேசலாம்.

கடைசியாக, இங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றி. அவர்களை நாம் இந்த விழாக்களுக்கு அழைத்தோம். வரவேற்பு நடனம் ஆடச் சொன்னோம், திருக்குறள் ஒப்புவிக்கச் சொன்னோம், எழுத்துப்பிழைக்காக மேடையிலேயே திருத்தினோம். அவர்களில் எத்தனையோ பேர் இன்று பொகூமிலும் டோர்ட்முண்டிலும் கணினியியல் படித்துவிட்டு, யாரோ ஒரு காப்புறுதிக் கம்பனியின் வழங்கிகளை இரவில் காவல் காக்கிறார்கள். வழங்கியைக் காக்க வல்லினம் மெல்லினம் தெரியவேண்டியதில்லை. தமிழில் ஒரு பந்தி பிழையின்றி எழுதத் தெரியாத ஒருவர் தமிழின் நூறாயிரம் பக்கங்களைக் காப்பாற்ற முடியும். அவர்களிடம் நாம் இதுவரை அந்த உதவியைக் கேட்டதே இல்லை. கேட்கும்போது உரிய ஊதியத்தோடும் எழுத்து மூலமான பொறுப்போடும் கேளுங்கள். சாவியையும் கையில் கொடுங்கள்.